தோற்கத் தெரிந்த காத்தாடி

பிலோமினா வீடியோ கேம் எழுதிப் பிழைத்த காலம் ஒன்று உண்டு. சென்னைக்கு மெட்ராஸ் என்று பெயர் இருந்த காலம் அது. கடைசியாக அவள் எழுதிய கேம் படுதோல்வி அடைந்து, கம்பெனியையே இழுத்து மூட வைத்தது. அந்தக் கதையை அவளே எல்லோரிடமும் சிரித்துக்கொண்டு சொல்வாள். அதனால், முகில்வண்ணன் என்று ஒருவன் பெங்களூரிலிருந்து பெரம்பூர் வரைக்கும் தேடிவந்து, "மேடம், உங்க காத்தாடி இன்னும் பறந்துக்கிட்டு இருக்கு" என்றபோது, வீடு மாறி வந்துவிட்டான் என்றுதான் நினைத்தாள்.

"எந்தக் காத்தாடிப்பா?"

"'ஆகாசச் சண்டை', மேடம். நீங்க எழுதின டேபிள் கேம். மிஷன் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் ரூம்ல இருக்கு. இன்னைக்கும் ஓடுது."

பிலோமினா கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். எழுபதைத் தாண்டிய பிறகு பழைய ஆட்கள் போய்ச் சேர்ந்த செய்திதான் வாசல் தேடி வரும். பழைய சங்கதி ஒன்று உயிரோடு இருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால் அதை எப்படி வாங்கிக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"அது ஓடினா என்ன, ஓடாட்டி என்ன? ஆட்டம்னா ஆடறவங்க தோக்கணும். அந்தச் சனியன் தானே தோத்துடும். அதனாலதான் எங்க கடையே மூடிச்சு."

"அதுக்காகத்தான் வந்திருக்கேன்" என்றான் முகில். முப்பது வயதுக்குள் இருப்பான். பேசும்போது முன்னால் சாய்ந்து சாய்ந்து பேசினான். "எங்க கம்பெனி போனுக்கு கேம் பண்ணுது. ஜனங்க தோத்துக்கிட்டே இருந்தா கோவிச்சுக்கிட்டுப் போயிடறாங்க. ஜெயிச்சுக்கிட்டே இருந்தா அலுத்துடுது. அதனால எங்க மெஷின் அப்பப்ப விட்டுக்கொடுக்கும். எப்படித்தான் மறைச்சாலும் கொஞ்ச நாள்ல கண்டுபிடிச்சுடறாங்க மேடம். வேணும்னே விடுதுன்னு தெரிஞ்ச நிமிஷம் கையை எடுத்துடறாங்க. உலகத்துல உள்ள பெரிய மூளை எல்லாம் உக்காந்து பாத்தாச்சு, முடியல."

"சரி."

"உங்க டேபிள்ல எங்க ஆளுங்க நாள் பூரா விளையாடினாங்க. ஜெயிச்சுட்டு சின்னப் பசங்க மாதிரி குதிச்சாங்க. படம் பிடிச்சு மெதுவா ஓட்டிப் பாத்தப்புறம்தான், அது வேணும்னே தோத்துதுன்னே தெரிஞ்சுது. ஆடும்போது ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியல. உலகத்துலயே அப்படித் தோக்கத் தெரிஞ்ச மெஷின் அது ஒண்ணுதான். அதை நிறுத்தாமலே மெமரியைப் படிச்சு எடுத்து வெச்சிருக்கோம்."

அந்த மூளையை அவன் கம்பெனிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய முதலாளி கம்பெனியை மூடும்போது கேமின் உரிமையை பிலோமினா பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டிருந்ததால் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்த ஆஸ்பத்திரிக்குப் புது டயாலிசிஸ் மெஷின்கள் இறங்கும். வாரத்துக்கு மூன்று முறை ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டியவர்களை, மெஷின் போதாமல், இப்போது இரண்டு முறைதான் கூப்பிடுகிறார்களாம். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான் முகில்.

பிலோமினாவுக்கு ஸ்டீபன் ஞாபகம் வந்தது. மாடியில் குடியிருக்கிறான், நல்ல பையன். போனில் ஏதோ ரத்தின வேட்டை என்று ஆட ஆரம்பித்து, ஷிஃப்டிலும் கையை எடுக்க முடியாமல் ஆடி, வேலையைத் தொலைத்துவிட்டு நிற்கிறான்.

"ரத்தின வேட்டை உங்க கம்பெனியோடதா?"

முகில் தலையை ஆட்டினான். கொஞ்சம் பெருமையோடுதான் ஆட்டினான்.

"அப்ப அதுல இன்னும் நல்லா ஒட்டற கோந்து கேக்கறீங்க என்கிட்ட."

அவனுக்கு முகம் சுருங்கியது. பிலோமினாவுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீடு தேடி வந்த பிள்ளையிடம் இப்படியா பேசுவது?

"மொதல்ல அதைப் பாக்கணும்ப்பா. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

அவள் டிப்ளமா முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தபோது, வரதப்பன் என்பவர் கிண்டி எஸ்டேட்டில் ஒரு ஷெட் பிடித்து கேம் டேபிள்கள் செய்துகொண்டிருந்தார். கேரம்போர்டு அளவுக்கு ஒரு மேஜை, நடுவில் கண்ணாடிக்கு அடியில் டிவி, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, பிடித்து ஆட்ட ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக் குச்சி. பொருட்காட்சியிலும் சினிமா தியேட்டர்களிலும் போட்டுவைப்பார்கள். காசு போட்டால் ஆடலாம். எதிரில் ஆள் இல்லையென்றால் மெஷினே எதிராளி.

"ஜனங்க தோக்கணும்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் வரதப்பன். "சீக்கிரமா தோக்கணும். ஆனா, சே, இன்னொரு வாட்டி ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பேன்னு தோணணும். அதுதான் உன் வேலை."

அதாவது, காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களை எப்படித் தீர்த்துக்கட்டலாம் என்று யோசிக்க வேண்டும். வீட்டில் விவரமாகச் சொல்லியிருந்தால் அம்மா அவளை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிறுத்தியிருப்பாள். ஆனால் பிலோமினாவுக்கு அந்த வேலை உயிராக இருந்தது. கையில் தபால்தலை அளவு இடத்தைக் கொடுத்து அதற்குள் ஒரு வானத்தை உண்டாக்கு என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? லாரி ஓட்டும் கேம் ஒன்று, பழம் பொறுக்கும் கேம் ஒன்று எழுதினாள். இரண்டும் நன்றாக ஓடின. மூன்றாவது காத்தாடி.

இரண்டு மொட்டைமாடி, இரண்டு காத்தாடி. குச்சியின் தலையில் ஒரு பொத்தான். அழுத்தினால் நூல் இழுபடும், விட்டால் தளரும். எதிராளியின் நூலை அறுத்தால் ஜெயம். ஒரே கையால் ஆடிவிடலாம். இதில் பிலோமினா ஒரு புதுமை செய்தாள். எதிரிக் காத்தாடி ஆடுகிறவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அப்படி ஒன்றை அந்த ஊரில் அதற்கு முன் யாரும் செய்யவில்லை.

தப்பு நடந்தது அங்கேதான். அந்தக் காலத்தில் மெமரி என்பது தண்ணீர்ப் பஞ்சத்தில் கிடைக்கிற ஒரு குடம் மாதிரி. அதிலேயே குளித்து, அதையே பிடித்துத் துணியை அலசி, மிச்சத்தைச் செடிக்கு ஊற்ற வேண்டும். பிலோமினா, இரண்டாவது குச்சியின் அசைவு வந்து விழுகிற இடத்தையும் எதிரி பாடம் படிக்கிற இடத்தையும் ஒன்றாக்கிவிட்டாள். இடம் மிச்சம் என்று அன்றைக்கு ரொம்பச் சந்தோஷப்பட்டாள். விளைவு, எதிர் நாற்காலியில் யார் உட்கார்ந்து எப்படி ஆடினாலும் எதிரிக் காத்தாடி அதையே தன் பாடமாக எடுத்துக்கொண்டது.

பொருட்காட்சியில் காலையில் காலேஜ் பையன்கள் ஆடுகிற நேரத்தில் காத்தாடி புலி. சாயங்காலம் குடும்பங்கள் வரும். அப்பாக்கள் எதிரில் உட்கார்ந்து, பிள்ளை ஜெயிக்கட்டும் என்று நூலைத் தளர விடுவார்கள். இருட்டுகிற நேரத்துக்குள் மெஷினும் அப்பா ஆகிவிடும். யார் வந்தாலும் விட்டுக்கொடுத்தது. ஜெயித்தவர்கள் திருப்தியாக மிளகாய் பஜ்ஜி சாப்பிடப் போய்விட்டார்கள். கடை மூடிக் கரண்டை நிறுத்தினால் படித்ததெல்லாம் அழிந்து, மறுநாள் காலை மறுபடி புலி. காரணத்தை அவள் கண்டுபிடிப்பதற்குள் வசூல் படுத்துவிட்டது.

வரதப்பன் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "காசு போடற மெஷினுக்கு இரக்கத்தைப் பழக்கிட்டியேம்மா" என்றார். ஷெட்டைக் காலி செய்தபோது, "இது உன் பிள்ளை, நீயே வெச்சுக்கோ" என்று கேமை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தார். மிஞ்சிய ஒரு டேபிளைப் பிற்பாடு தன் தம்பி சிகிச்சை எடுத்துக்கொண்ட ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டதாக அவள் கேள்விப்பட்டாள். அதன் பிறகு லிஃப்ட் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, எந்த மாடியில் நின்று யாரை ஏற்றிக்கொள்வது என்று லிஃப்டுகளுக்குச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றாள். லிஃப்டில் யாரும் ஜெயிப்பதுமில்லை, தோற்பதுமில்லை.

முகில் சொன்னபடியே டயாலிசிஸ் அறையில் டேபிள் கிடந்தது. இரண்டு சாய்வு நாற்காலிகளுக்கு நடுவில். மேல் கண்ணாடி கீறல் விழுந்து மங்கியிருந்தது. உள்ளே இருந்த டிவியை எப்போதோ எடுத்துவிட்டுத் தட்டையான திரை போட்டிருந்தார்கள். குச்சிகளும் புதிது. பிலோமினா கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அடியில் வெதுவெதுப்பாக இருந்தது.

"உள்ள இருக்கற சர்க்யூட் பலகையை மட்டும் யாரும் மாத்தினதில்லம்மா" என்றாள் மெஹருன்னிசா. அந்த அறையின் டெக்னீஷியன் அவள்தான். எல்லோருக்கும் மெஹர். "எங்க லைன்ல கரண்ட் நிக்கவே நிக்காது. ரத்தம் ஓடற மெஷினாச்சே? ஊரே இருட்டானாலும் இங்க பேட்டரி பிடிச்சுக்கும். இந்த டேபிளையும் அதே லைன்ல போட்டுட்டாங்க, அப்படியே இருக்கு."

பிலோமினாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பொருட்காட்சியில் அன்றன்றைக்கு அழிந்துபோன பாடம் இங்கே அழியவே இல்லை. அவள் கல்யாணம், கணவனின் சாவு, லிஃப்டுகள், ஓய்வு, எல்லாவற்றின் ஊடாகவும் அந்தக் காத்தாடி இந்த அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"இன்னாம்மா, நீங்கதான் இத்த செஞ்சவங்களா?"

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் கேட்டார். ஒல்லியான ஆள். இடது கையில் ஊசிகளும் சிவப்புக் குழாய்களும். பேர் கஜபதி. ஆட்டோக்கள் தாமாகவே ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டியவர்.

"ஆமாங்க."

"குந்துங்கம்மா, குந்துங்க. எவ்ளோ நாளா தேடிகினு இருக்கோம், ஒரு கும்பிடு போட." சும்மா இருந்த வலது கையை மட்டும் தூக்கி நெற்றியில் வைத்தார்.

கேம் எழுதிய காலத்தில் யாரும் அவள் பேரைக்கூடக் கேட்டதில்லை. மெஷினைத் திட்டுவார்கள், உதைப்பார்கள், அதற்குள் ஒரு மனுஷி உட்கார்ந்து யோசித்திருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றாது. பிலோமினா டேபிளின் முன்னால் உட்கார்ந்து குச்சியைப் பிடித்தாள்.

முதல் ஆட்டம் தோற்றாள். இரண்டாவதும் தோற்றாள். எதிரிக் காத்தாடி நல்ல போக்கிரியாக வளர்ந்திருந்தது. பக்கவாட்டில் நழுவி, தளர்வதுபோல் காட்டி, சட்டென்று சுண்டி இழுத்தது. மூன்றாவதில் அவளுக்கு வீம்பு வந்துவிட்டது. விரல் வலிக்க ஆடினாள். வலி ஏறியதும் கை கொஞ்சம் மெதுவானது. அந்த நேரம் பார்த்து எதிரி ஓர் அங்குலம் அதிகமாக இறங்கியது, அவள் இழுத்தாள், அறுந்தது. "ஏய்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் விழித்துக்கொண்டார். எழுதியவளுக்கே அது விட்டுக்கொடுத்ததா, தான் ஜெயித்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

"எதிர்ல ஆள் உக்காந்து ஆடறதும் உண்டா இங்க?" என்று கேட்டாள்.

"புது ஆளு வந்தா ஆடியே ஆவணும். இந்த ரூமோட வழக்கம் அது" என்றார் கஜபதி. "மொத நாளு வர்றவன் மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. தன் ரத்தம் ட்யூப்ல வெளிய போறத கண்ணால பாக்கறான்ல? கல்லு மாதிரி ஆயிடுவான். அவனுக்கு எதுத்தாப்ல ஒரு பழைய ஆளு குந்தணும். ஒரு கை ஊசில, ஒரு கை குச்சில. மொதல்ல மெய்யாலுமே சண்டை போடணும். அறுத்துத் தள்ளணும். அப்பதான் அவனுக்கு ரோசம் வந்து பயத்த மறப்பான்."

"அப்புறம்?"

"கடைசி ஒரு மணி நேரம் இருக்குதே, அதான் பேஜாரு. பிரஷர் எறங்கும், காலு இழுக்கும், தலை சுத்தும். அப்ப நம்ம தோத்துடணும். ஆனா தெரியக் கூடாது. தெரிஞ்சா அவன் மானம் பூடும். சீக்காளின்னு விட்டுக்குடுக்கறானுங்கன்னு நெனச்சான்னா அதுக்கப்பால குச்சியவே தொட மாட்டான். அவன் ஜெயிச்சிட்டானா, உடனே நம்ம கைய எடுத்துடணும். இன்னொரு ஆட்டம்னு கேட்டாலும் போடக் கூடாது. ஜெயிச்ச கையோட தூங்கிடுவான்மா. மீதி நேரம் போறதே தெரியாது."

"இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தாங்க உங்களுக்கு?"

கஜபதி சிரித்தார். "யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கு எதுத்தாப்ல சுலோச்சனான்னு ஒரு அம்மா. ஸ்கூல்ல ஆயாவா இருந்தவங்க. மொத நாளே அவங்கள அறுத்துட்டேன்னு நான் ஊரெல்லாம் பீத்திகினு திரிஞ்சேன். அவங்க போய்ச் சேர்ந்தப்பறம் ஒரு நாளு புது ஆளு ஒருத்தன் வந்தான். அவன் எதுத்தாப்ல நான் குந்தினேன். அவன் கை நடுங்கறதப் பாத்ததும் என் கை தானா தளந்துச்சு. அப்பதான்மா புரிஞ்சுது, அன்னிக்கு நான் எங்க ஜெயிச்சேன்? அந்தம்மா எனக்குக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லலாம்னா ஆளு இல்ல. அதான் வர்றவனுக்கெல்லாம் தோத்துகினு இருக்கேன்."

மெஹர் வந்து அவர் பிரஷரைப் பார்த்தாள். பேச வேண்டாம் அண்ணே என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிலோமினா வெளியே வந்து, காரிடாரில் காத்திருப்பவர்களைப் பார்த்தாள். வீங்கிய கால்களோடு ஒரு பெண் டோக்கன் கொடுக்கும் இடத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மெஷின் காலி இல்லை, வியாழக்கிழமை வாருங்கள் என்று பதில் வந்தது. வியாழக்கிழமை வரைக்கும் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்று பின்னால் வந்த மெஹர் சொன்னாள்.

கையெழுத்துப் போட்டு மெஷின்கள் வந்தால் இந்தப் பெண் இப்படிக் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சுலோச்சனாவும் கஜபதியும் பேர் தெரியாத இன்னும் எத்தனையோ பேரும் சேர்த்துவைத்த ஒன்றை எடுத்து ரத்தின வேட்டைக்குத் தூண்டில் புழுவாக மாட்டிவிடுவார்கள். பிலோமினா நேராக கேன்டீனுக்குப் போய், அங்கே காத்திருந்த முகிலின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அதோட மெமரியைப் படிச்சு எடுத்தீங்களே, காட்டு பாப்போம்."

லேப்டாப்பைத் திருப்பினான். ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது மொத்தமும். அந்த எண்களைப் பார்த்ததும் பழைய சிநேகிதியின் கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. டீ ஆறிப்போகிற வரைக்கும் ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"இவ்வளவுதானா மேடம்? இத்தனை வருஷம் படிச்சது இதுல எப்படி அடங்கும்?"

"அடங்காதுப்பா. அதுதான் விஷயம். இடம் சின்னது. புதுசு வந்தா பழசு அழியும். ஒவ்வொருத்தருக்கும் தனியா ஒரு சாமர்த்தியம் இருந்திருக்கும், அதெல்லாம் போச்சு. யார் வந்தாலும் மறுபடி மறுபடி எதைச் செஞ்சாங்களோ அது மட்டும்தான் நின்னிருக்கு. எதிர்ல இருக்கற கை தளரும்போது, தெரியாம தோக்கறது."

"பிரமாதம்" என்றான் முகில். "அதுதான் எங்களுக்கு வேணும்."

அவள் இன்னும் கீழே படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். மறுபடி படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். அப்புறம், கேன்டீன்காரர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

"என்ன மேடம்?"

"முகில், உன்கிட்ட ஒளிக்கக் கூடாது. சொல்லிடறேன். இது தோத்துட்டு மறுபடி எழுந்து வராது. நீ அடுத்த ஆட்டம்னு அமுக்கினாலும் ரொம்ப நேரம் சும்மா கிடக்கும். இங்க தோத்தவங்க கையை எடுத்துடுவாங்க இல்ல? அதையும் சேத்துப் படிச்சிருக்கு. ஒருத்தரை ஜெயிக்கவெச்சு அனுப்பிவைக்கறதுதான் இதுக்குத் தெரியும். பிடிச்சுவைக்கத் தெரியாது."

"அந்தக் கடைசிப் பகுதியை எங்க ஆளுங்க வெட்டிடுவாங்க மேடம்."

"வெட்ட முடியாது. தோக்கறதும் கையை எடுக்கறதும் இதுல ஒரே இடத்துல பின்னிக் கிடக்கு. இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் நான் பண்ண வேலை அது. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணும் சேர்ந்து போயிடும்."

முகில் புன்னகைத்தான். பெரியவர்களிடம் காட்டுகிற மரியாதையான புன்னகை. "எங்ககிட்ட இப்ப நல்ல கருவிங்க இருக்கு மேடம். அதை நாங்க பாத்துக்கறோம். இப்ப உலகத்துல எதையும் பிரிச்சுடலாம்."

பிலோமினா அவனை நன்றாகப் பார்த்தாள். இன்னொரு முறை எடுத்துச் சொன்னாள். அவன் இன்னொரு முறை புன்னகைத்தான். சரி, சொல்லியாகிவிட்டது.

"ரெண்டு விஷயம். டேபிள் இங்கயேதான் இருக்கணும், நகல் மட்டும் எடுத்துக்கோங்க. புது மெஷினுங்க மொதல்ல வரணும். பேனாவைக் குடு."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மெஷின்கள் ஆடி மாதம் வந்து இறங்கின. அதற்குச் சில வாரம் கழித்துக் காத்தாடி உலகம் முழுக்கப் பறக்க ஆரம்பித்தது. ரயிலில், பஸ்ஸில், பல்டாக்டர் வரவேற்பறையில், எங்கே பார்த்தாலும் யாராவது போனைப் பார்த்து, "ஏய்!" என்று கத்தினார்கள். அப்படிக் கத்திவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது முகில் கூப்பிட்டான்.

"மேடம், யாரும் ரெண்டாவது ஆட்டம் ஆட மாட்டேங்கறாங்க."

"அப்படியா?"

"கொஞ்ச நேரம் வெறியா ஆடறாங்க. ஜெயிக்கறாங்க. போனைக் கீழ வெச்சுடறாங்க. வெச்சுட்டு எங்களோட மத்த கேமையும் தொட மாட்டேங்கறாங்க. தூங்கிடறாங்க மேடம்! புகார் எழுதற இடத்துல வந்து நன்றி எழுதறாங்க. பல நாள் கழிச்சு நேத்துதான் தூங்கினேன்னு எழுதறாங்க. இதை எந்தக் கணக்குல சேக்கறதுன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தோம். கையை எடுக்கறதை வெட்டினா தோக்கறதும் மறந்துடுது. கடிச்சுக் குதறுது. நீங்க அன்னைக்கே சொன்னீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கேமை இழுத்து மூடச் சொல்லிட்டாங்க. என்னை வேற வேலை பாத்துக்கச் சொல்லிட்டாங்க."

"என் மேல கோவமாப்பா?"

"கோவப்படணும்னுதான் போனை எடுத்தேன் மேடம். எடுத்தப்புறம் வரல" என்றான். "ஏற்கனவே இறக்கி வெச்சுக்கிட்டவங்க போன்ல இருந்து அதைத் திரும்ப எடுக்க முடியாதாம். அதை நெனச்சா எனக்கு ஏனோ சந்தோஷமாத்தான் இருக்கு."

கஜபதி ஐப்பசி மழையில் இறந்துபோனார். வாரத்துக்கு மூன்று முறை கூப்பிட ஆரம்பித்து அவருக்குச் சில மாதங்கள் கிடைத்தன. இதயம் அதற்குமேல் தாங்கவில்லை. மழை ஓய்ந்து, புது மெஷின்களுக்கு ஆஸ்பத்திரியில் விழா வைத்தபோது மெஹர் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு குழாயைச் சரிபார்த்தாள்.

அவர் நாற்காலியில் இப்போது காசிமேட்டில் மீன் விற்கும் அஞ்சலை சாய்ந்திருந்தாள். வெளியே மேடையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிலோமினாவுக்குப் பொன்னாடை போடுவதாக ஏற்பாடு. அவளுக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. உள்ளே வந்து டேபிளின் முன்னால் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை என்று கஜபதி சொன்னது இப்போது அவளுக்கும் ஆகிவிட்டது. யாருக்கென்று சொல்வது? அவளுடைய தப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குள் தங்கள் கையால் ஆனதையெல்லாம் போட்டுவிட்டுப் பேர்கூடச் சொல்லாமல் போனவர்கள். அவர்கள் எல்லோரும் இருக்கிற ஒரே இடம் இந்தக் கண்ணாடிக்கு அடியில். ஒரு முறையாவது அவர்கள் ஜெயிக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நன்றி சொல்ல வேறு வழி தெரியவில்லை.

குச்சியைப் பிடித்து, கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சண்டை போட்டாள். பிறகு, தெரியாதபடி, நூலைத் தளர விட்டாள்.

எதிரிக் காத்தாடி அருகில் வந்தது. அறுக்கவில்லை. அதுவும் தளர்ந்தது. பிலோமினா இன்னும் விட்டாள். அது இன்னும் இறங்கியது. அவள் வேண்டுமென்றே தப்பான பக்கம் போனாள். அது அவளுக்கு முன்பாகவே அதைவிடத் தப்பான இடத்தில் போய் நின்றது. அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அது தன் நூலைக் கொண்டுவந்து அவள் நூலின் மேல் வைத்துத் தானாகவே தேய்த்துக்கொண்டது. அறுந்து, ஆடி ஆடி, எதிர் மொட்டைமாடிக்கு அப்பால் போய் விழுந்தது.

"இன்னாம்மா நீ" என்றாள் அஞ்சலை, இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு. "தோக்கக்கூடத் தெரியலியே ஒனக்கு?"

"தெரியலம்மா. அவங்க அளவுக்குத் தெரியல" என்றாள் பிலோமினா. கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் நாற்காலியில் சாய்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்காரர்கள் பொன்னாடையும் ரோஜா மாலையுமாக அவளைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மெஹர் உதட்டில் விரல் வைத்து அவர்களைக் கதவிலேயே நிறுத்தினாள்.

"சத்தம் போடாதீங்க. அம்மா ஜெயிச்சுட்டுத் தூங்கறாங்க."